மகரந்தப் பருவமும் என் மூக்கும்

தும்மலை யாரும் ஒரு நோயாக மதிப்பதில்லை. காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இருமினால் தள்ளி உட்காருவார்கள். தும்மினால் மட்டும் சிரிப்பு. அடுக்கடுக்காகப் போய்க்கொண்டே இருந்தால் பக்கத்தில் இருப்பவர் எண்ணவே ஆரம்பித்துவிடுவார். ஹே ஃபீவர் எனப்படும் மகரந்த ஒவ்வாமையோடு வருடா வருடம் சில வாரங்கள் மல்லுக்கட்டுகிற எனக்கு அந்தச் சிரிப்பு பழகிவிட்டது. பழகாதது அரிப்பு.

அதைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும். மூக்கின் உள்சுவரில் ஒரு குறுகுறுப்பு, கண்ணின் உள்மூலையில் ஒன்று, காதுக்குள் ஒன்று. எல்லாவற்றையும்விட மோசமானது மேலண்ணத்தில் வருவது. விரல் விட்டுச் சொறிய முடியாத இடம். நாக்கின் பின்பகுதியை அண்ணத்தோடு அழுத்தி முன்னும் பின்னும் இழுத்தால் ‘கொரக் கொரக்’ என்று ஒரு சத்தத்தோடு கொஞ்சம் அடங்கும். நாகரிகமான சத்தம் இல்லை. ஆனால் நான்கு பேர் கூடியிருக்கும் அறையில் இந்தச் சத்தம் வந்தால், நம் இனத்தார் ஒருவர் இருக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும்.

சாதாரணச் சளியிலிருந்து இதைப் பிரித்துப் பார்க்க அந்த அரிப்புதான் நல்ல அடையாளம். சளி பிடித்தால் உடம்பு வலிக்கும், தொண்டை கரகரக்கும், சில நாளில் மூக்கிலிருந்து வருவது கெட்டியாகி நிறம் மாறும், ஒரு வாரம் பத்து நாளில் ஆளை விட்டுவிடும். இதில் உடம்புச் சூடு ஏறுவதே இல்லை. மூக்கிலிருந்து தண்ணீர் தண்ணீராகத் தெளிவாகக் கொட்டும், கண்கள் சிவந்து நீர் வடியும், வாரக்கணக்கில் தொடரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய அதே மாதத்தில் வரும். குழந்தைகளிடம் இன்னொரு தடயம் உண்டு. ஓயாமல் உள்ளங்கையால் மூக்கின் நுனியை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்குத் தண்டின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று விழுந்திருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையமும் சேர்ந்திருந்தால், அந்தக் குழந்தை இரவில் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு அரைத்தூக்கம் தூங்கிக்கொண்டிருக்கக்கூடும். வகுப்பில் கவனமில்லை என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு மூக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

யார் மீது பழி போடுவது என்பதில் பெரும்பாலானோர் தப்பான ஆளைப் பிடிக்கிறார்கள். வண்ண வண்ணமாகப் பூத்து நிற்கும் செடியைப் பார்த்தாலே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்தப் பூக்கள் பாவம். தேனீயையும் வண்டையும் கூப்பிடத்தான் அவற்றுக்கு அந்த நிறமும் மணமும். அவற்றின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை உள்ளது, பூச்சியின் காலில் ஏறிப் போவது. காற்றில் அவ்வளவாக மிதக்காது. நம்மைப் படுத்துவது பூப்பதே கண்ணுக்குத் தெரியாத புல், களை, மரம் ஆகியவற்றின் மகரந்தம். பூச்சியை நம்பாமல் காற்றை நம்பும் தாவரங்கள் அவை. எங்கோ ஒரு பெண்பூவில் ஒரு துகள் போய் விழ வேண்டும் என்பதற்காகக் கோடிக்கணக்கில் இறைத்துவிடுகின்றன. புல் மகரந்தத் துகள் ஒன்றின் குறுக்களவு 30 முதல் 40 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் பாதி. வட ஐரோப்பாவில் பிர்ச் மரம், வட அமெரிக்காவில் ராக்வீட் என்ற களை, மத்தியதரைக் கடலோரத்தில் ஆலிவ், இந்தியாவில் பார்த்தீனியம், ஜப்பானில் சுகி என்ற தேவதாரு வகை என ஊருக்கு ஊர் வில்லன் மாறுவான். ஜப்பான் கதையில் மனிதர் கைவரிசையும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மரத்தேவைக்காக மலை மலையாகச் சுகி நட்டார்கள். அந்தக் காடுகள் வளர்ந்து பூக்கத் தொடங்கியபோது நாட்டில் ஏராளமானோருக்குத் தும்மல் வந்தது.

உள்ளே நடப்பது என்ன? முதல் சந்திப்பில் வெளியே ஒன்றும் தெரியாது. மகரந்தத்தின் புரதம் மூக்கின் ஈரச்சுவரில் கரைகிறது. உடம்பின் எதிர்ப்பு மண்டலம் அதை ஆபத்தானதாக நினைத்து, அதற்கென்றே ஐஜிஇ என்ற வகை எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கிறது. இந்த ஐஜிஇயை 1966-67 வாக்கில் அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா தம்பதியரும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அதுவரை ‘இரத்தத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது’ என்பதற்கு மேல் யாருக்கும் தெரியாது. தயாரான ஐஜிஇ, மூக்கிலும் கண்ணிலும் காத்திருக்கும் மாஸ்ட் செல் என்ற எதிர்ப்பு அணுக்களின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பருவத்தில் அதே மகரந்தம் வந்து அதைத் தொட்டதும், மாஸ்ட் செல் தன்னிடமிருக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை நிமிடங்களில் கொட்டிவிடுகிறது. ஹிஸ்டமின் நரம்பைத் தூண்டினால் அரிப்பும் தும்மலும். இரத்தக் குழாய்களைக் கசியவிட்டால் நீர்.

இத்தோடு முடிவதில்லை. சில மணி நேரம் கழித்து இரண்டாம் கட்டம் ஒன்று வரும். வேறு வகை வெள்ளணுக்கள் அங்கே வந்து குவிந்து, மூக்கின் உள்சதையை வீங்க வைக்கும். இதுதான் மூக்கடைப்பு. காலையில் பூங்காவில் நடந்துவிட்டு வந்தவருக்கு மாலையில் மூக்கு அடைப்பது இதனால்தான். அலர்ஜி மாத்திரை போட்டால் தும்மல் நிற்கிறது, அடைப்பு மட்டும் போகவில்லை என்று பலர் சொல்வதற்கும் இதுவே காரணம். மாத்திரை ஹிஸ்டமினைத் தடுக்கிறது, வீக்கத்துக்கு ஹிஸ்டமின் மட்டும் பொறுப்பில்லை. இன்னொரு விஷயமும் முக்கியம். தினமும் மகரந்தம் பட்டுப் பட்டு மூக்கு முன்பைவிடச் சுலபமாகச் சீறும் நிலைக்கு வந்துவிடும். பருவத் தொடக்கத்தில் நிறையத் துகள்கள் வேண்டியிருந்த அதே தும்மலுக்கு, கடைசி வாரங்களில் கொஞ்சம் போதும். ‘முற்றட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று காத்திருப்பது இந்த நோய்க்கு ஒத்துவராத உத்தி.

இதையெல்லாம் கண்டுபிடித்தவர்களில் சிலர் சொந்த மூக்கையே பணயம் வைத்தவர்கள். லண்டன் மருத்துவர் ஜான் போஸ்டாக் 1819இல் ஒரு நோயாளியின் கதையை மருத்துவச் சங்கத்தில் படித்தார். வருடந்தோறும் கோடையில் கண் எரிச்சல், தும்மல், மூச்சுத் திணறல். அந்த நோயாளி அவரேதான். சிறுவயதிலிருந்து அவதிப்பட்டவர். அவர் முயன்று பார்த்த வைத்தியங்களின் பட்டியலைப் படித்தால் நமக்கு மூக்கடைப்பே மறந்துவிடும்: இரத்தம் எடுத்தல், பேதிக்குக் கொடுத்தல், தோலில் கொப்புளம் எழுப்புதல், அரைவயிற்றுச் சாப்பாடு, சின்கோனா பட்டை, இரும்பு, அபின், பாதரசம், குளிர்ந்த நீர்க் குளியல். ஒன்றும் வேலை செய்யவில்லை. அதே நோயுள்ள மற்றவர்களைத் தேடிச் சேர்த்து 1828இல் இரண்டாம் கட்டுரை எழுதினார். மொத்தம் 28 பேர்தான் கிடைத்தார்கள். அந்தக் காலத்தில் அவ்வளவு அரிதாக இருந்திருக்கிறது, அல்லது அவ்வளவுதான் கண்ணில் பட்டிருக்கிறது. காய்ந்த புல்லின் வாடைதான் காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். போஸ்டாக் அதை ஏற்கவில்லை. கோடை வெப்பம்தான் என்றார். ஆனால் அவருக்குச் சுகம் கிடைத்த ஒரே சந்தர்ப்பம், ராம்ஸ்கேட் என்ற கடலோர ஊரில் பாறை மேல் இருந்த ஒரு வீட்டில், பெரும்பாலும் வெளியே போகாமல் தங்கிய கோடைதான். கடற்காற்றில் மகரந்தம் குறைவு. அவர் அதைக் குளிர்ச்சியின் பலன் என்று நினைத்துக்கொண்டார்.

காரணத்தை நிரூபித்தவர் மான்செஸ்டரைச் சேர்ந்த சார்ல்ஸ் பிளாக்லி. அவர் ஹோமியோபதி மருத்துவர் என்பது ஒரு சுவையான தகவல். 1859இல் ஒரு புல்கொத்தைத் தற்செயலாக முகர்ந்து சரமாரியாகத் தும்மினார். அப்புறம் அவர் செய்ததைக் கேட்டால் பொறுமைக்கு இன்னொரு பெயர் வைக்கத் தோன்றும். பல வகைத் தாவரங்களின் மகரந்தத்தைச் சேகரித்துத் தன் மூக்கிலும் கண்ணிலும் வைத்துப் பார்த்தார். தோலைக் கீறி அதன்மேல் வைத்துத் தடிக்கிறதா என்று பார்த்தார். இன்று அலர்ஜி பரிசோதனைக்குக் கையில் துளித்துளியாக விட்டுக் குத்துகிறார்களே, அதன் மூதாதை இது. ஒட்டும் திரவம் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தினமும் வெளியே வைத்து, 24 மணி நேரத்தில் விழுந்த துகள்களை நுண்ணோக்கியில் எண்ணினார். எண்ணிக்கை கூடிய நாட்களில் அவருக்குத் தும்மலும் கூடியது. கண்ணாடித் துண்டைப் பட்டத்தில் கட்டி ஆயிரம் அடிக்கும் மேலே பறக்கவிட்டார். அங்கேயும் மகரந்தம் இருந்தது. புல்வெளியே இல்லாத நகர நடுவிலும் ஏன் தும்முகிறோம் என்பதற்கு அதில் பதில் கிடைத்தது. 1873இல் எல்லாவற்றையும் புத்தகமாக வெளியிட்டார்.

போஸ்டாக்கும் பிளாக்லியும் கவனித்து விடை காணாத புதிர் ஒன்று: நாள் முழுவதும் புல்லில் புரளும் விவசாயிகளுக்கு இந்த நோய் அநேகமாக இல்லை, வசதி படைத்தவர்களுக்கே வந்தது. 1989இல் டேவிட் ஸ்ட்ராச்சன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், 1958இல் பிறந்த 17,000க்கும் அதிகமான பிரிட்டிஷ் பிள்ளைகளின் விவரங்களைப் பார்த்து, அண்ணன் அக்கா அதிகமுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இது குறைவாக வருகிறது என்று காட்டினார். சிறுவயதிலேயே நுண்ணுயிர்களோடு பழகிய உடம்பு, மகரந்தத்தைப் பார்த்துப் பதறுவதில்லை என்பது அதன் பின்னால் உள்ள கருத்து. இன்று அதைப் பலவாறு திருத்தி எழுதிவிட்டார்கள். என்னைப் போல் வளர்ந்து கெட்டவர்களுக்கு அதனால் பயனில்லை என்பது வேறு விஷயம்.

சரி, இயற்கை வைத்தியத்துக்கு வருவோம். ஒவ்வாமை என்று வாய் திறந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அவற்றைப் படித்தும் சிலவற்றைச் செய்தும் பார்த்ததில் எனக்குத் தெளிவான ஒன்று இதுதான்: உள்ளே சாப்பிட்டு உடம்பை மாற்றுவதாகச் சொல்லும் மூலிகைகளும் உணவுகளும் பெரும்பாலும் சோதனையில் தேறவில்லை, தேறிய ஒன்றும் வேறு தொல்லையோடு வந்தது. மகரந்தத்தை வெளியிலேயே நிறுத்துவது, உள்ளே வந்ததைக் கழுவித் தள்ளுவது என்ற இரண்டும்தான் வேலை செய்கின்றன. போஸ்டாக்கின் கதையும் அதைத்தானே சொல்கிறது? அத்தனை மருந்தும் கைவிட்டன, கடலோரத்து வீடு கைகொடுத்தது.

முதலிடம் உப்புத் தண்ணீருக்கு. யோகப் பயிற்சியில் ஜல நேதி என்று சொல்கிறார்களே, அதேதான். இப்போது பாட்டில், சிரிஞ்ச் என்று பல வடிவங்களில் கிடைக்கிறது. செய்முறையை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அரைகுறையாகச் செய்துவிட்டு ‘எரிகிறது’ என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு. அயோடின் கலக்காத உப்பாக இருந்தால் உறுத்தாது. ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் இன்னும் இதமாக இருக்கும். எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் அளவுதான். உப்பே இல்லாத தண்ணீர் மூக்கில் ஏறினால் நீச்சல் குளத்தில் மூச்சு முட்டியது போலச் சுரீரென்று இருக்கும். இரத்தத்தின் உப்பளவான 0.9 சதவீதத்தை ஒட்டி இருந்தால் தண்ணீர் போவதே தெரியாது. வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

தொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயைத் திறந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டே, மேலே இருக்கும் துவாரத்தில் மெதுவாக ஊற்ற வேண்டும். வாயால் மூச்சு விடுவதுதான் சூட்சுமம், மூச்சை அடக்கினால் தொண்டைக்குள் இறங்கிவிடும். முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் உள்ளே எங்கோ ஒரு வழி திறந்துகொண்டு, கீழ்த் துவாரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகவும் பின்பு தாரையாகவும் வரும். கூடவே நூல் நூலாகச் சளியும். பார்க்க அழகான காட்சி இல்லை. ஆனால் நிமிர்ந்து, அடைத்துக்கொள்ளாமல் இரண்டு துவாரத்தையும் திறந்து வைத்து மெல்லச் சிந்திவிட்டு மூச்சை இழுத்துப் பார்த்தால், காற்று குளிர்ச்சியாக உள்ளே போவது தெரியும். பல நாட்களாக அது தெரியவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைக்கும். வெளியே போய்விட்டு வந்த கையோடு செய்வது நல்லது. படுக்கப் போகும் நேரத்தில் செய்தால், மிச்சமிருந்த தண்ணீர் தலையணை மேல் இறங்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சமாதானமே கிடையாது. குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக் கூடாது. நன்றாகக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டுமே. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில், குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் நெக்லீரியா ஃபௌலெரி என்ற அமீபா மூளைக்கு ஏறி இறந்தார்கள். மிக அரிது என்பது உண்மை. குடித்தால் ஒன்றும் செய்யாத அந்த உயிரி, மூக்கு வழியே போனால் ஆளைக் கொல்லும் என்பதும் உண்மை. பாத்திரத்தையும் கழுவி உலர்த்தி வைக்க வேண்டும். பலனைப் பொறுத்தவரை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, உப்பு நீர்க் கழுவலால் மூன்று மாதம் வரை தொல்லை குறையக்கூடும் என்றது. சான்றின் தரம் அவ்வளவு உயர்ந்ததில்லை என்றும் அதே மூச்சில் சொன்னது. பெரிய செலவில்லாத, பக்க விளைவு சொற்பமான ஒரு விஷயத்துக்கு அந்தச் சான்று எனக்குப் போதும்.

அடுத்தவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். மூக்குத் துவாரத்தின் விளிம்பில் மெல்லிசாக வாசலின் தடவினால் கொஞ்சம் மகரந்தம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும் (விளிம்பில் மட்டும், உள்ளே ஆழமாகத் தடவிக்கொண்டே இருந்தால் நுரையீரலுக்கு இறங்கும் அபாயம் உண்டு). கண்ணை ஒட்டி வளைந்த கூலிங் கிளாஸ் போட்டால் கண்ணரிப்பு குறையும். முகக்கவசம் பற்றி இனி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றுவதும் தலைக்குக் குளிப்பதும் முக்கியம், குறிப்பாக இரவில். தலைமுடியில் ஏறிய மகரந்தம் தலையணைக்கு இறங்கினால் இரவு முழுவதும் அதை முகர்ந்துகொண்டுதான் தூக்கம். துவைத்த துணியைப் பருவத்தில் வெளியே காயப்போடாமல் இருப்பதும், வெளியே சுற்றிவிட்டு வந்த நாயைக் கட்டிலில் ஏற்றாமல் இருப்பதும் இதே கணக்கு. காற்றடிக்கும் வறண்ட நாள் மோசம். நிதானமாக மழை பெய்து ஓய்ந்த பின் காற்று கழுவிவிட்டது போல இருக்கும், நடக்கப் போகிறவர்கள் அப்போது போகலாம். புல் மகரந்தம் பொதுவாகக் காலையில் பனி உலர்ந்ததும் கிளம்பி மேலேறி, மாலையில் காற்று குளிரும்போது கீழே இறங்கும். அந்த இரண்டு வேளையும் ஜன்னலைச் சாத்தி வைப்பது நல்லது. கண்ணுக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணி. தேய்க்க மட்டும் கூடாது. தேய்க்கத் தேய்க்க மாஸ்ட் செல் இன்னும் ஹிஸ்டமினைக் கொட்டும்.

ஆவி பிடிப்பதற்கு எனக்குத் தனிப் பகை ஒன்றும் இல்லை. பிடிக்கிற நேரத்துக்குச் சுகமாக இருக்கும், ஒவ்வாமையை அது தொடுவதில்லை. ஆனால் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்து போகிற குழந்தைகள் உண்டு என்பதால், சுடுநீரில் குளிக்கும்போது எழும் ஆவியே போதும் என்பேன்.

தேன் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ‘பக்கத்துப் பகுதித் தேனைத் தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிடு, அதிலுள்ள மகரந்தம் உடம்புக்குப் பழகிவிடும்’ என்பது உலகம் முழுவதும் சுற்றும் யோசனை. கேட்பதற்குத் தடுப்பூசி மாதிரி இருப்பதால் நம்பத் தோன்றும். முன்பே சொன்னதை வைத்துப் பாருங்கள். தேனீ போவது பூச்சியை நம்பும் பூக்களுக்கு. நம்மைத் தும்ம வைப்பது காற்றை நம்பும் புல்லும் மரமும். பழக வேண்டிய மகரந்தம் தேனில் பெரிதாக இருப்பதே இல்லை. 2002இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அந்தப் பகுதியின் வடிகட்டாத தேன், இன்னொன்றுக்கு வடிகட்டிய கடைத் தேன், மூன்றாவதற்குத் தேன் வாசனை சேர்த்த சர்க்கரைப் பாகு கொடுத்தார்கள். பாகு சாப்பிட்டவர்களைவிட மற்ற இரண்டு குழுவும் எந்த விதத்திலும் மேலாக இல்லை. பின்லாந்தில் ஓர் ஆய்வில் பலன் தெரிந்தது. அங்கே தேனில் பிர்ச் மகரந்தத்தைத் தனியாகக் கலந்து கொடுத்தார்கள். ஆக, பலன் தந்தது தேன்தான் என்று சொல்ல வழியில்லை. தேன் பிடித்தால் சாப்பிடுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் எக்காரணத்துக்கும் வேண்டாம், பொட்டுலிசம் என்ற கடுமையான நோய்க்கு அது வழி விடும். தேனீ சேகரித்த மகரந்தத்தையே உருண்டையாக விற்கிறார்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டு மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனதுண்டு.

தேறிய மூலிகை என்று சொன்னேனே, அது பட்டர்பர். ஐரோப்பாவில் வளரும் அகன்ற இலைச் செடி. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில் 125 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இதையும் மறுபாதிக்குச் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையையும் இரண்டு வாரம் கொடுத்தார்கள். இரண்டும் சமமாக வேலை செய்தன. மூலிகைப் பிரியர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அந்தச் செடியில் பைரோலிசிடின் என்ற நச்சு வகை இருக்கிறது, கல்லீரலைக் கெடுப்பது. அதை நீக்கிவிட்டோம் என்று விற்ற மருந்துகளிலும் கல்லீரல் பாதிப்பு தென்பட்டதால், 2012இல் பிரிட்டன் அதைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே சாது என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம்மை வதைக்கும் மகரந்தமும் செடியிலிருந்து வந்ததுதான்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். வைட்டமின் சி, மஞ்சளின் குர்குமின், வெங்காயத்திலும் ஆப்பிளிலும் உள்ள குவர்செட்டின், நெட்டில் இலை எல்லாமே சோதனைக் குழாயில் மாஸ்ட் செல்லை அடக்குகின்றன, அல்லது சின்ன ஆய்வுகளில் கொஞ்சம் நம்பிக்கை தருகின்றன. அவற்றை நம்பி ஒரு பருவத்தைத் தாண்டலாம் என்று சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை. கெமோமில் பூவில் போடும் தேநீரிலும் எக்கினேசியா என்ற மூலிகையிலும் கவனம் தேவை. இரண்டும் ராக்வீட், பார்த்தீனியத்தின் குடும்பம். சொந்தக்காரர் வந்தாலும் உடம்பு அதே கலவரத்தைச் செய்யக்கூடும். பிர்ச் ஒவ்வாமை உள்ள சிலருக்குப் வேக வைக்காத ஆப்பிள் துண்டைக் கடித்தாலே வாய் அரிப்பதும் இப்படித்தான், புரதங்கள் ஒன்றைப் போல ஒன்று இருப்பதால். வேக வைத்தால் அரிப்பதில்லை. அக்குபஞ்சர் ஜெர்மனியில் 422 பேரிடம் நடந்த ஆய்வில் ஓரளவு பலன் காட்டியது. ஊசிக்குப் பயமில்லாதவர்களும், வாரா வாரம் போக நேரமுள்ளவர்களும் முயலலாம்.

இவ்வளவு செய்தும் அடங்காத பருவங்கள் உண்டு. அப்போது மருந்துக்குப் போவதில் தோல்வி ஒன்றும் இல்லை. பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைகள் தூங்க வைக்கும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் ஆகாது. செட்டிரிசின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் வகைகளில் மயக்கம் குறைவு. ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாறோடு விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது, தண்ணீர்தான் சரி. மூக்கடைப்புக்கு எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்வது ஸ்டீராய்டு ஸ்பிரே. அந்தப் பெயரைக் கேட்டாலே பலர் ஓடிவிடுகிறார்கள். மூக்கோடு நிற்கும் மிகச் சிறிய அளவு அது. இரண்டு அடித்துப் பார்த்துவிட்டுப் பலனில்லை என்று தூக்கிப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால், பருவம் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பிக்கச் சொல்வார்கள். அடிக்கும்போது நடுச்சுவரை நோக்காமல் காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை என்று வைத்துக்கொண்டால் தானாகவே அந்தக் கோணம் வந்துவிடும். அடித்தவுடன் உறிஞ்சி இழுத்தால் தொண்டைக்குப் போய்விடும். உப்பு நீரில் கழுவுவதாக இருந்தால், கழுவிய பிறகு ஸ்பிரே.

அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்துகள் வேறு ஜாதி. ஸைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் என்று லேபிளில் இருக்கும். போட்ட நிமிடத்தில் சொர்க்கம்தான். ஒரு வாரத்தைத் தாண்டினால் மருந்து இல்லாமல் மூக்கே திறக்காது என்ற நிலை வந்துவிடும், அந்த வீக்கத்துக்கு மருந்தே காரணமாகிவிடும். மாதக்கணக்கில் சட்டைப்பையில் அந்தக் குப்பியோடு அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூச்சில் விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம், இரவில் இருமல் என்றால் வீட்டு வைத்தியத்துக்கு அங்கே வேலை இல்லை. மூக்கும் நுரையீரலும் ஒரே பாதை, ஹே ஃபீவர் உள்ளவர்களில் பலருக்கு ஆஸ்துமாவும் சேர்ந்தே இருக்கும். 2016 நவம்பர் 21 மாலை மெல்போர்னில் இடி மின்னலோடு புயல்காற்று வீசியது. புல் மகரந்தம் ஈரத்தில் வெடித்து, நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய நுண்துகள்களாகச் சிதறியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். அன்று பாதிக்கப்பட்ட பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா என்று யாரும் சொன்னதே இல்லை, ஹே ஃபீவர் மட்டும் இருந்தது. மகரந்தப் பருவத்தில் இடிமழை மிரட்டினால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுங்கள், முக்கியமாக மழைக்கு முன் அடிக்கும் அந்தக் காற்றில் நிற்காதீர்கள். ஒரே பக்கத்து மூக்கு மட்டும் அடைப்பது, இரத்தம் கலந்து வருவது, முகத்தில் வலியோடு கெட்டிச் சளி என்பவையும் ஒவ்வாமைக் கணக்கில் சேராதவை.

தேனை நம்பியவர்கள் தேடியது உண்மையில் வேறிடத்தில் இருக்கிறது. 1911இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் லெனார்ட் நூன், புல் மகரந்தச் சாற்றை மிகச் சிறிய அளவில் ஊசி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார். அவர் விரைவிலேயே இறந்துபோக, நண்பர் ஜான் ஃப்ரீமன் தொடர்ந்தார். இம்யூனோதெரபி என்று இன்று அதற்குப் பெயர். உடம்பைப் பழக்குவது என்ற யோசனை சரிதான், சரியான மகரந்தம், அளந்த அளவு, மருத்துவரின் கண்பார்வை என்ற மூன்றும் வேண்டும். ஊசியாகவும் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. வழக்கமாக மூன்று வருடம். நிறுத்திய பிறகும் பலன் சில வருடங்கள் நீடிக்கும். இதைத் தவிர வேறெந்தச் சிகிச்சைக்கும் அந்தக் குணம் இல்லை. முதலில் எந்த மகரந்தம் என்று தோலிலோ இரத்தத்திலோ பரிசோதித்து, அது நமக்குத் தொல்லை வரும் மாதத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பரிசோதனையில் தடிக்கிற எல்லாமே நோய் தருவதில்லை. எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எந்தக் காற்றில் கூடியது, எதனால் குறைந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் மருத்துவருக்கு அது பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். இந்தப் பருவத்துக்கு நானும் ஒரு நோட்டைத் தொடங்கியிருக்கிறேன். சிகிச்சையைப் பொதுவாகப் பருவத்துக்குச் சில மாதங்கள் முன்பே ஆரம்பிக்க வேண்டும் என்பதால், தும்மல் ஓய்ந்ததும் அதை எடுத்துக்கொண்டு போய்க் கேட்கலாம் என்றிருக்கிறேன்.